ஸ்டெல்லா அக்கா சொன்ன பிறகுதான் குயில்

இன்று காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் இந்த வருசத்தின் முதல் குயில் கூவியது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் லேனில் மிஞ்சியிருப்பது ஒரேயொரு மாமரம். இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவில் வெயில் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கூவல் அதிலிருந்துதான் வந்தது. பால்கனியில் பிளேன்டீயோடு நின்ற நான்தான் முதலில் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் மாடிக்காரரின் வட்ஸ்அப் குழு அமளிப்பட்டது. ஐந்தாம் மாடி தமிழில் போட்டது. ஏழாம் மாடி சிங்களத்தில் 'கோஹா ஆவா', குயில் வந்துவிட்டது, என்று போட்டது. பிறகு யார் முதலில் கேட்டது என்று செல்லச் சண்டை.

"நீங்கள்தானே வெளியில நிண்டனீங்கள், நீங்கள் ஏன் ஒண்டும் போடேல்லை?" என்றாள் மனைவி. சும்மா என்றேன். எதற்கெடுத்தாலும் கருத்துச் சொல்கிற ஆள் நான். தண்ணீர் மோட்டர் பழுதானால்கூட நாலு வரி எழுதுவேன். குயில் விசயத்தில் மட்டும் வாய் கட்டுப்பட்டுவிடும். ஏனென்று சொல்கிறேன், வாருங்கள். ஒரு ஸ்டேஷன் தள்ளிப் பம்பலப்பிட்டிக்கும், முப்பது வருசத்துக்கு மேல் பின்னாலும் போகவேண்டும்.

அப்போது நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் அறை எடுத்து, பம்பலப்பிட்டியில் ஒரு இறக்குமதிக் கம்பனியில் கிளார்க் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலி வீதியிலிருந்து கடலுக்குப் போகிற ஒரு லேனில் பழைய வீடொன்றுதான் அலுவலகம். ஈரமான கடதாசி வாசமும் கார்பன் வாசமும் கடலின் உப்பு வாசமும் கலந்து அடிக்கும். இன்றும் பழைய பைல் ஒன்றைத் திறந்தால் எனக்குப் பின்னேரத் தேத்தண்ணி விடாய் வந்துவிடுகிறது. பத்து நிமிடத்துக்கொரு தடவை ரயில் போகும். போகும்போது எல்லோரும் பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம்.

முன் அறையில் நாலு பேர். கணக்குப் பார்க்கும் நிசாம் நானா. டிரைவர் சுனில் ஐயே, எங்களுக்குச் சிங்கள அண்ணன், வாகனம் ஓடாத நேரமெல்லாம் எங்களோடுதான். கடைக்குட்டி நான். நாலாவது ஸ்டெல்லா அக்கா. டெலிபோன் போர்டில் இருந்தவர் அவர்தான். பிறந்தது யாழ்ப்பாணத்துக் குருநகர், வாழ்க்கைப்பட்டது கொழும்பில் கொட்டாஞ்சேனை. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு டெலிபோன் கோலையும் காதில் மாட்டிய கருவியால் கேட்டு, உரிய மேசைக்கு வயரைச் செருகிக் கொடுப்பார். நம்பர் சொன்னால் திருப்பிச் சொல்லி "சரிதானே?" என்று கேட்பார். மரியாதையான மனுசி என்று ஊரெல்லாம் பெயர். கணவர் படுத்த படுக்கை, மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் உழைக்கிற கை அவருடையது மட்டும்தான்.

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. சித்திரைப் புதுவருசம் வருவதைக் குயில்தான் கொழும்புக்கு அறிவிக்கும். அந்த வருசத்தின் முதல் கூவலை யார் கேட்டாரோ அவருடைய பெயரைச் சுவர்க் காலண்டரில் அந்தத் தேதிக்கு நேரே எழுதுவோம். லீவுக்கு முந்திய நாள் மற்றவர்கள் ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவர வேண்டும். பெயர் விழுந்தவர் சும்மா இருந்து சாப்பிடலாம். நாட்டில் யுத்தம், நல்ல செய்திக்குப் பஞ்சமாயிருந்த காலம். அடையாள அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறிய நாங்கள், ஒரு பறவை வந்த செய்திக்காகக் குழந்தைகள் மாதிரிச் சண்டை பிடித்தோம்.

வென்றது எப்போதும் ஸ்டெல்லா அக்காதான். "கொட்டாஞ்சேனையில விடியக் கேட்டனான்" என்பார். கோயில் வளவு மரத்தில் என்பார். நான் வருசா வருசம் வெள்ளவத்தைக் கடையில் முறுக்கு வாங்கி வாங்கி அலுத்துப்போனேன்.

மூன்றாம் வருசமோ நாலாம் வருசமோ, ஸ்டேஷனுக்கு நடக்கும்போது குயில் என் தலைக்கு மேலேயே கூவியது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தேன். வாயைத் திறக்குமுன் ஸ்டெல்லா அக்கா, "நான் முந்தநாளே கேட்டிட்டன் தம்பி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொல்கிறார், பிடிக்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டேன். இருபத்துநாலு வயதில் மனுசனுக்கு வேறு வேலை இருக்காதா என்று கேட்காதீர்கள், இருக்கவில்லை.

பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, ஜன்னல் பக்கம் தலையைச் சரித்து, "அந்தா, இப்பவும் கூவுது" என்றேன். வெளியே ஒரு காகம்கூடக் கத்தவில்லை.

"ஓம், என்ன வடிவாக் கூவுது" என்றார் ஸ்டெல்லா அக்கா.

பிடித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவன் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார், பிறகு நிசாம் நானாவின் முகத்தை, பிறகு சுனிலின் முகத்தை. அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. நம்பரைத் திருப்பிச் சொல்வது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதது, கதைக்கிறவரின் உதட்டையே பார்ப்பது எல்லாம். அந்தக் கருவியைக் காதோடு அமத்தினால் ஒரு பக்கம் கேட்கிறது. மற்றபடி அவருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது.

அது போதாதென்று வாசலில் மனேஜர் நின்றார். புதிதாக வந்த தமிழர், கண்டிப்பான ஆள். இரண்டு நாளைக்கு முன்னால்தான் அவருடைய கோல் ஒன்று மாறி ஸ்டோர்ஸுக்குப் போயிருந்தது. "போர்டுக்கு வேற ஆள்தான் பாக்கவேணும் போல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

"எங்க கூவுது? எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே" என்றார்.

ஒரு குடும்பத்தின் சோற்றில் மண் போட்டுவிட்டேனே என்று நினைத்தேன். அப்போது நிசாம் நானா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"கூவுது சேர். பக்கத்து வளவு மாமரத்துல ஈக்கி." இருக்கிறது என்பதை நானா அப்படித்தான் சொல்வார்.

"ஹொந்தட்ட எஹெனவா, சேர்" என்றார் சுனில் ஐயே. நன்றாகக் கேட்கிறதாம்.

"ஓம் சேர், நல்லாக் கேக்குது" என்று நானும் சொன்னேன்.

மனேஜர் ஜன்னலடிக்கு வந்து நின்றார். ஒரு ரயில் போனது. போய் முடிந்த பிறகும் நின்றார். கடைசியில் அவர் தொண்டையைக் கனைத்து, "ஓம், இப்ப லேசாக் கேக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இல்லாத குயிலை ஐந்து பேர் கேட்ட அலுவலகம் கொழும்பில் எங்களுடையது மட்டும்தான்.

பின்னேரம் பஸ் ஹோல்ட் வரைக்கும் ஸ்டெல்லா அக்காவோடு நடந்தேன். காலி வீதியில் வாகனங்கள் இரைந்துகொண்டிருந்தன.

"இண்டைக்குக் குயில் கூவேல்லை, என்ன?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"நான் வருசா வருசம் ஏன் முந்திறனான் எண்டு தெரியுமோ தம்பி? முதல்ல நானே கேட்டிட்டன் எண்டு சொல்லிப்போட்டா, உமக்குக் கேக்குதோ எண்டு பிறகு ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா என்றேன். கொட்டாஞ்சேனை பஸ் வந்த இரைச்சலில் அது அவருக்குக் கேட்டதோ தெரியாது. தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறிப்போனார்.

இதைப் பற்றி நானாவும் சுனிலும் நானும் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஆனால் அடுத்த வருசம் நடந்ததைக் கேளுங்கள். பங்குனி நடுவில் குயில் வந்துவிட்டது. பக்கத்து மாமரத்திலேயே இருந்து தொண்டை கிழியக் கத்தியது. ஸ்டெல்லா அக்கா கணவரின் நோய் வருத்தத்தில் அதை மறந்துபோயிருந்தார். முழுதாக நாலு நாள். குயில் கூவுகிறது, மூன்று ஆண்பிள்ளைகள் செவிடர் மாதிரிக் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஐந்தாம் நாள் நிசாம் நானா எழும்பிப்போய், வருசக்கணக்காகத் திறக்காத போர்டுப் பக்கத்து ஜன்னலைத் தள்ளித் திறந்தார். ஸ்டெல்லா அக்கா நிமிர்ந்து எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓ, நான் சொல்ல மறந்துபோனன். கொட்டாஞ்சேனையில போன கிழமையே கேட்டனான்" என்றார்.

அவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் முறுக்கு வாங்கியதில்லை. மகள் படித்து வேலைக்குப் போகும்வரை ஆறு வருசம் அப்படியே போனது. பிறகு அக்கா தானாகவே வேலையை விட்டார். போர்டைக் கழற்றிவிட்டுத் தன்பாட்டில் இணைக்கிற புது மெஷின் ஒன்றைப் பூட்டினார்கள்.

இன்று அந்த வீடு இல்லை. லேன் முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள். நிசாம் நானா உயிரோடு இல்லை, மௌத்தாகிவிட்டார். சுனில் ஐயே இத்தாலியில் மகனோடு. ஸ்டெல்லா அக்கா மகளோடு கனடாவுக்குப் போய், அங்கே அடக்கமானார் என்று யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

ஆனால் என்னைக் கேட்டால், இதெல்லாம் போவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா போனதற்கு அடுத்த பங்குனி அது. ஒருநாள் காலையில் மாமரத்திலிருந்து குயில் அறை அதிரக் கூவத் தொடங்கியது. சுனில் என்னைப் பார்த்தார், நான் நானாவைப் பார்த்தேன். நானா பேனையை மூடி வைத்தார்.

"தம்பி, கூவுற மாதிரி ஈக்கா?"

"இல்லை நானா" என்றேன். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

"எனக்கும்தான்" என்றார் அவர்.