மாமா பேசிய ஞாயிற்றுக்கிழமை

சூடேறிய தூசியும் கார் பேட்டரியின் புளிப்பும் கலந்த அந்த வாசனை எங்கிருந்தாவது வந்தால் இன்றைக்கும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், சிங்கப்பூருக்கு அக்கரையில் பொந்தியான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், "கிராணி" என்று நாங்கள் அழைத்த ஆபீஸ் குமாஸ்தாவின் வீட்டு முன்கூடத்துக்கு முதல் வானொலிப் பெட்டி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. மின்சாரம் எட்டிப் பார்க்காத தோட்டம் அது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பழைய கார் பேட்டரிதான் பெட்டிக்குச் சோறு போட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் நிலையம் பாட்டே இல்லாமல் காலையிலிருந்து மாலைவரை வெறும் பேச்சாகவே ஒலிபரப்பப் போகிறது என்று கிராணி பத்திரிகையைப் பார்த்துச் சொன்னார். ஆங்கிலத்தில் செய்தி, மலாயில் மீன்பிடி, சீனத்தில் என்னவோ என்று வாசித்துக்கொண்டே வந்தவர், "நாலு மணிக்குத் தமிழ்ல, அச்சுக் கோக்கும் தொழில், பேசுறவர் கதிரேசன்" என்றதும் அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கதிரேசன் அவளுடைய ஒரே தம்பி.

மாமாவைச் சிறுவயதிலிருந்து வளர்த்து ஆளாக்கியவர் அப்பா. இரண்டு வருடங்களுக்கு முன், விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் "பெரட்டில்", கதிரேசன் என்ற பேருக்குப் பதில் வரவில்லை. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் சிங்கப்பூருக்குப் போய்விட்டிருந்தார். அத்தனை பேர் முன்னால் பதில் தெரியாமல் நின்ற அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இனி அவன்கூட எனக்குப் பேச்சு கிடையாது." மாமா போட்ட கடிதங்களை அம்மா பிரிக்கக்கூடப் பயந்தாள். தம்பி இனி இந்த வாசலை மிதிப்பானா என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே கவலை.

அந்த ஞாயிறு, வரிசை வீடுகளான லயத்துச் சனம் முழுவதும் குளித்து, வெளுத்த வேட்டி சேலை கட்டிக் கிராணி வீட்டில் கூடிவிட்டது. வரவே மாட்டேன் என்று அடம்பிடித்த அப்பாவும் பின்வரிசையில் வந்து நின்றார். "சீனப் பேச்சு எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு வந்தேன்" என்று யாரும் கேட்காமலே காரணமும் சொன்னார்.

பெட்டிக்குள்ளிருந்து முதல் குரல் வந்ததும் ஆண்கள் எல்லாரும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். பெரட்டில் துரை பேசினால் அப்படித்தான் நிற்பது வழக்கம். ஆங்கிலத்துக்கும் நின்றோம், மலாய்க்கும் நின்றோம், சீனத்துக்கும் நின்றோம். கிராணியின் மனைவி பாய் விரித்து, "உக்காருங்களேன், கால் வலிக்கப் போவுது" என்று கெஞ்சினார். "பேசுறவங்க உக்காரச் சொல்லலியேம்மா" என்றார் ஒருவர் மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை. முகமே இல்லாத மனிதர்கள் கடல் தாண்டி வந்து எங்களிடம் பேசுகிறார்கள் என்ற பிரமிப்பில் எனக்குக் கால் வலியே தெரியவில்லை.

நான்கு மணிக்கு மாமாவின் குரல் வந்தது. எங்கள் வீட்டில் கூழ் குடித்த அதே குரல்! "தோட்டங்காட்டுல இருந்து கேட்டுக்கிட்டிருக்கிற எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு மாமா மூச்சு விடக் கொஞ்சம் நிறுத்தினார்.

"இருக்கோம்டா. நீ எப்ப வர்ற?" என்றார் அப்பா.

கூடமே திரும்பிப் பார்த்தது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டியோ ஈய எழுத்துகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது. பேச்சு முடியும்வரை அப்பா கண் கொட்டாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

"நாலு பேரு முன்னால நானா எறங்கிப் பேசினேன். அவன் பெரிய தொர ஆயிட்டான், பதில் சொல்ல வாய் வரல. அவ்ளோதான், தல முழுகியாச்சு" என்றார் வீட்டில். கிராணியே வந்து, இங்கே பேசுவது அங்கே போகாது என்று விளக்கினார். "அங்கேருந்து இங்க வருதுல்ல? அப்ப இங்கேருந்து அங்க போவாதா? என்னங்க பேசுறீங்க?" என்று அப்பா கேட்டதும் கிராணி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இருந்த நூலிழையும் அறுந்துவிட்டதாக அம்மா அழுதாள். மறுநாள் அப்பா ரப்பர் மரம் சீவப் போனதும், தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படித்த என்னை உட்காரவைத்து, மாமாவின் பழைய கடித உறையில் இருந்த விலாசத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். வேறு எதுவும் வேண்டாம், அப்பா கேட்டதை மட்டும் எழுது என்றாள். எழுதினேன்.

அடுத்த ஞாயிறு பகலில் மாமா தகரப் பெட்டியும் கையுமாக எங்கள் வாசலில் நின்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இன்னைக்கு வந்துட்டேன் மச்சான்."

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வாரமாச்சாடா பதில் சொல்ல?" என்றவர் உள்ளே திரும்பி, "தம்பிக்குச் சோறு போடு" என்றார்.

தன் கேள்வி வானொலிப் பெட்டி வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது, போய்ச் சேரக் கொஞ்சம் நாளாயிற்று என்றே அப்பா சாகும்வரை நம்பினார். கடிதத்தைப் பற்றி நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை.

இன்று அந்தத் தோட்டம் இல்லை, லயம் இல்லை, பெரட்டு என்றால் என்னவென்று என் பிள்ளைகளுக்குத் தெரியாது. பெர்மாஸ் ஜெயா நகரில் மகள் வீட்டுச் சமையலறையில் வானொலி காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறது. நின்று கேட்பவர் யாருமில்லை. அறிவிப்பாளர் நேயர்களை நலம் விசாரிக்கும்போது நான் மட்டும், "நல்லா இருக்கோம்பா" என்கிறேன்.

"அம்மா, அவங்களுக்குக் கேக்காது லா" என்கிறாள் மகள்.

"கேக்கும்டி. யாராவது எழுதிப் போடணும், அவ்வளவுதான்."