இடக்கையில் எழுந்த இசை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலர் அவரைப் பியானோ டீச்சர் என்றே அறிவீர்கள். அவர் ஓர் இசையமைப்பாளர் என்பதைத் தம்பியாகிய நான் எழுதிவைக்க விரும்புகிறேன்.

அக்கா கனகம்மாசத்திரத்தில் பிறந்தவர். எங்கள் அப்பா நைனாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்ததால் அரக்கோணத்தில் படித்தார். பள்ளியில் இருந்த பழைய பியானோவில் கற்றுக்கொண்டார். மணமாகித் திருத்தணிக்கு வந்த பிறகு, அக்காவின் கணவரான எங்கள் பாவா சென்னையிலிருந்து ஒரு பியானோவை லாரியில் ஏற்றி வந்தார். அதை உள்ளே கொண்டுபோக வாசல் நிலையையே பெயர்க்க வேண்டியதாயிற்று.

காலை மின்சார ரயில், சந்தை கலையும் நேரம் என்று அக்கா எழுதியவை சின்னச் சின்ன பியானோ இசைகள். பின்னர், பல குரல்கள் சேர்ந்து பாடும் பாடல்களை எழுதினார். ஆசிரியைகள், பூக்கடை அம்மா, அரக்கோணத்து மெக்கானிக் பாய் ஒருவர் எனப் பலரும் வந்து பாடினார்கள். கிருத்திகை தவறாமல் மலையேறியவர் என்றாலும், பக்திப் பாடல் எதுவும் அவர் எழுதவில்லை. முருகன் பாட்டு ஒன்றாவது இருந்தால்தான் இடம் தருவேன் என்றார் ஒரு கல்யாண மண்டபக்காரர்.

"சாமிக்குப் பாட நெறைய பேரு இருக்காங்க. ரயிலுக்கு நின்னுகினு இருக்கிறவங்களுக்கு நான் எழுதுறேங்க" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து வந்துவிட்டார். பள்ளி மைதானத்தில் பாடினார்கள்.

பிறகு பக்கவாதம் வந்தது. வலக்கை அசையவில்லை, பேச்சும் குழறியது. பார்க்கப் பொறுக்காமல் பாவா பியானோவைப் போர்வையால் மூடிவைத்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அக்கா அதைக் கண்டார்.

"துணிய எடுங்க. இன்னொரு கை இருக்குது."

இடக்கையால் எழுதப் பழகினார். அந்த ஒரு கைக்கென்றே பியானோ இசைகள் அமைத்தார். மழையில் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களைப் பற்றிய நீண்ட பாடலையும் அப்போதுதான் எழுதினார். பாடிக்காட்ட முடியாததால், ஒவ்வொரு குரலின் மெட்டையும் அந்தக் கையாலேயே வாசித்துக் கற்பித்தார்.

அரங்கேற்றத்தன்று நாற்காலியில் அமர்ந்தபடி இடக்கையால் நடத்தினார். பாதியில் ஆண்குரல்கள் தடம் மாறின. சமாளித்துக்கொண்டு போயிருக்கலாம். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். கூட்டம் பார்த்திருக்க, "மொதல்ல இருந்து" என்றார். அந்தச் சொல் குழறாமல் வந்தது. இரண்டாம் முறை கடைசி வரை சரியாகப் பாடினார்கள். அதுவே அவர் நடத்திய கடைசி நிகழ்ச்சி. அந்த மழைக்காலம் முடியுமுன் காலமானார்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், துக்க வீட்டில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட தெருக்காரர்களுக்கும், இன்றுவரை பாடுவதை விடாத குழுவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஞாயிறு மாலைகளில் பயிற்சி தொடர்கிறது. தனக்குக் குரலே கிடையாது என்று இத்தனை வருடம் விலகியிருந்த பாவா, இப்போது மெக்கானிக் பாய்க்குப் பக்கத்தில் நின்று பாடுகிறார்.