நேர்ல வாங்க, பேசிக்கலாம்

கடத்தூர் வட்டாரத்தில் இருபது வருடமாக நிலத் தரகன் நான். மனை போட்டு விற்கும் முதலாளி ஒருவர் திடீரென்று, "இனி ஏஜென்ட் பதிவும் பயிற்சி சர்டிபிகேட்டும் இல்லாம என் சைட்டுப் பக்கம் ஆளக் கூட்டியாராதீங்க" என்றுவிட்டார். பயிற்சியின் கடைசியில் பரீட்சை. நான் கடைசியாகப் பரீட்சை எழுதியது பத்தாம் வகுப்பில்; அன்று வியர்வையில் நனைந்த சட்டை இன்னும் காயவில்லை.

போனிலேயே படிக்கலாம், அல்லது நாலு ஞாயிறு தர்மபுரிக்குப் போகலாம். தர்மபுரி என்றால் மாவட்டத்துத் தரகர்கள் எல்லோரும் இருப்பார்கள். நான் ஃபெயிலானால், பஸ் ஏறுவதற்குள் சேதி ஊருக்குப் போய்விடும். போன்தான் என்று முடிவு செய்தேன்.

"ஊரையே நேர்ல வாங்கன்னு கூப்புடுவ. படிப்பு மட்டும் போன்லயா?" என்றாள் மனைவி.

அது எங்கள் தொழில் வழக்கம். போனில் விலை சொன்னால், அதை வைத்தே வேறு தரகரிடம் போய்ப் பேரம் பேசுவார்கள். அதனால் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

முதல் வகுப்பு இலவசம். கேமராவை அணைத்துவிட்டுக் கட்டிலோரம் பதுங்கினேன். வகுப்பு நடத்திய அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டார்: "சார், மனை வாங்கறவர் போன் பண்ணி விலை என்னன்னு கேக்கறார். என்ன சொல்லுவீங்க?"

யோசிக்கவே இல்லை. "நேர்ல வாங்க, பேசிக்கலாம்ங்க."

"மறைக்காம சொல்லணும் சார். அதுக்குத்தான் இந்த வகுப்பே."

சிரிப்புச் சத்தம். அதற்குள் ஒரு குரல்: "அண்ணா, நீங்களுமா?"

கம்பைநல்லூர்த் தரகர். மனை வாங்க வரும் என் பார்ட்டிகளைப் பத்து வருடமாகத் தட்டிக்கொண்டு போகிறவர். அவரும் கேமராவை அணைத்துவிட்டு ஒளிந்திருக்கிறார்! இனி யாரிடம் மறைக்க? போதாததற்கு, ஒரு மணி நேரத்தில் மூன்று பார்ட்டிகள் கூப்பிட்டு வகுப்பு மூன்று முறை அறுந்தது. தர்மபுரி நேரடி வகுப்புக்கே பணம் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அவரே எதிரே வந்தார்.

"எங்கண்ணா இவ்ளோ தூரம்?"

"ஒரு கல்யாணம்ங்க."

"எனக்கும் அதே கல்யாணந்தான். வாங்க போலாம்."

நாலு வாரமும் ஒரே பெஞ்சு. பரீட்சையில் அந்த விலைக் கேள்வியே வந்தது. இந்த முறை யோசித்து எழுதினேன்.

இருவரும் பாஸ். சர்டிபிகேட்டின் படத்தை முதலாளிக்கு அனுப்பியதும் போன் வந்தது.

"சந்தோசம்ங்க. மார்க்கு எத்தன?"

"நேர்ல வந்து சொல்றன்ங்க" என்றேன்.