காலுக்குச் சொந்தக்காரர்

2006 மழைக்காலம். திருவொற்றியூரில் ஒரு சின்ன மருத்துவமனையில் டாக்டராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அப்போது எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கற்பனை நோயாளி வருவார். வைத்தியத்தை நாமாக முடிவு செய்துவிடாமல், இருக்கிற வழிகளைச் சொல்லி, அவருக்கு எது முக்கியம் என்று கேட்டு, இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் மார்க் உண்டு. எல்லோரையும் விட எனக்குத்தான் அதிகம். தலைகால் புரியவில்லை எனக்கு.

அடுத்த வாரமே நிஜ நோயாளி ஒருவர் வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், சர்க்கரை நோயாளி. வலது காலில் இரண்டு விரல் கறுத்து, புண் பாதம் வரை ஏறியிருந்தது. கூடவே மனைவி, மகன், மச்சான். "நைனா, நீ வெளிய போயி குந்து" என்று அப்பாவை அனுப்பிவிட்டான் மகன். கெட்ட சேதியை நோயாளி காதில் போடாமல் இருப்பதுதான் இங்கே வழக்கம். நானும் தடுக்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் செயற்கைக் கால் வைத்து நடக்கலாம். மருந்து கட்டிப் பார்த்தால் கால் தப்பலாம், விஷம் மேலே ஏறவும் ஏறலாம். சர்ஜன் சொன்ன இரண்டு வழியையும் படம் போட்டு விளக்கினேன். எது முக்கியம் என்றும் கேட்டேன். யாரை? மச்சானை! கால் போனால் மனுஷன் ஒடிந்துபோவார் என்றார் அவர். மனைவி அழுதார். மருந்தே போதும் என்று முடிவானது. திரையில் வரும் நோயாளி தனியாகத்தான் இருப்பார், அவரை எழுப்பி அனுப்ப அங்கே சொந்தபந்தம் கிடையாது. இது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

பத்தே நாளில் கொதிக்கும் காய்ச்சலோடு தூக்கிவந்தார்கள். தொடை வரை எடுத்தாக வேண்டும், அதுவும் உடனே. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரிடமே விவரம் சொன்னேன், முதலில் இருந்த இரண்டு வழிகளையும் சேர்த்து. அவர் கோபப்படவில்லை.

"அன்னிக்கே என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா. கீழயே எடுத்துடுன்னு சொல்லிருப்பேன். ஹார்பர்ல கால் போனவன் எத்தினி பேர பாத்துக்கீறேன், எல்லாம் வேல செஞ்சிகினுதான் கீறானுங்க."

சம்மதப் படிவத்தை இந்த முறை அவர் கையிலேயே கொடுத்தேன்.

ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். மகன் என்னைத் தேடி வந்து கையெடுத்துக் கும்பிட்டான். யாருமே இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து எங்களுக்கு விளக்கியதில்லை என்றான். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இப்போதெல்லாம் நோயாளியை வெளியே அனுப்ப நான் விடுவதில்லை. சொந்தக்காரர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும். ஆனால் அந்த மனிதரிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரு வார்த்தையை இனி நான் யாரிடம் போய்க் கேட்பேன்?