துக்க வீட்டில் உயிர்ப்புத் திருநாள்

எங்கள் அம்மா பல்லாவரத்தில் பிறந்தார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்து, ரயில்வேயில் வேலை பார்த்த அப்பாவை மணந்து இரும்புலியூருக்கு வந்தார்கள். கோயிலில் அம்மா பாடினால் ஆர்மோனியக்காரர் பாட்டை விட்டுவிட்டு அம்மாவின் குரலைத் துரத்திக்கொண்டு போவார். அவ்வளவு சுருதி சுத்தம்! ஆனால் கோயிலில் பாடியதை வீட்டில் வாழ்ந்து காட்டுவதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை.

அறுபதுகளின் நடுவில் அப்பா காசநோய் கண்டு, சானடோரியத்தில் பல மாதங்கள் படுத்திருந்து, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் தொடக்கத்தில் இறைவனடி சேர்ந்தார்கள். அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுதான். நான் மூன்றாம் வகுப்பு. தம்பி பள்ளிக்குப் போகாத வயது. அம்மா பாடம் நடத்தப் போகும்போது அவனைப் பார்த்துக்கொண்டவர் அப்பாவின் தங்கை, பக்கத்துத் தெரு அத்தை. அத்தை இல்லாவிட்டால் அம்மா வேலைக்குப் போக முடியாது. அம்மா வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் உலை ஏறாது.

துக்கம் விழுந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை கிடையாது என்பது எங்கள் உறவில் எழுதாத சட்டம். அந்த உயிர்ப்பு ஞாயிறன்று பூசை முடிந்து வந்த அம்மா, அப்பா வாங்கித் தந்த இளமஞ்சள் சேலையோடு அடுப்பு மூட்டி ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தார்கள். வாசனை பிடித்து வந்த அத்தை கொதித்துப் போனார்கள்.

“இன்னா அண்ணி இது? அண்ணன் போயி ரெண்டு மாசம் ஆவல, அதுக்குள்ள கலர் சேலை, கறிக்குழம்பு! ஊரு சிரிக்காது?”

“ஆண்டவர் உயிர்த்தார்னு கோயில்ல பாடிட்டு வந்து, வீட்ல அடுப்ப அணைச்சு வெச்சா நான் பாடினது பொய்யாயிடும்மா.”

“அப்ப உங்க புள்ளையையும் இனிமே நீங்களே பாத்துக்குங்க.”

அத்தை போய்விட்டார்கள். அம்மாவின் முகம் வாடித்தான் போயிற்று. ஆனாலும் குழம்பையும் சோற்றையும் கேரியரில் கட்டிக்கொண்டு, அப்பா படுத்திருந்த அதே வார்டுக்குப் போனார்கள். “உங்க வூட்டுக்காரரே போயிட்டாரு, இன்னும் எதுக்கும்மா வர்றீங்க?” என்று பக்கத்துக் கட்டில் பெரியவர் கேட்டாராம். “இன்னிக்குப் பண்டிகை இல்லையா?” என்றார்களாம் அம்மா.

ஈஸ்டர் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார்கள். தலைமையாசிரியை முகம் சுளித்தும், கோடை விடுமுறை வரை அவன் அம்மாவின் வகுப்புக் கடைசி பெஞ்சில் தூங்கினான். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அம்மா அத்தைக்குக் கை கூப்புவார்கள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா மறுவாரமும் கை கூப்புவார்கள்.

சில ஆண்டுகள் கழித்து மாமா, அதாவது அத்தையின் கணவர், திடீரென மறைந்தார்கள். அடுத்து வந்த உயிர்ப்பு ஞாயிறன்று அத்தை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, அருகில் உட்கார்ந்தார்கள். அத்தைதான் முதலில் பேசினார்கள்.

“அன்னிக்கு உங்களுக்குத் துக்கமே இல்லையா அண்ணி?”

“அழுதுகிட்டேதான் சமைச்சேன். நீ கேட்டிருந்தா வெங்காயத்து மேல பழியப் போட்டிருப்பேன். உன் அண்ணனும் ஒருநாள் எழுந்திருப்பாருன்னு நம்பறேன். அதனாலதான் அடுப்பு மூட்டினேன்.”

அத்தை எழுந்து முகம் கழுவிக்கொண்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். எனக்கிருந்த கோபமெல்லாம் அன்றே போயிற்று.

அம்மா இருதய நோயால் படுத்த கடைசி நாட்களில் அருகிலேயே இருந்து பார்த்துக்கொண்டவரும் அத்தைதான். எண்ணெய் பூசி நோயில்பூசுதல் அளித்த பங்குத் தந்தைக்கும், மருந்துக்கு அலைந்த தெருக்காரர்களுக்கும், கஞ்சி வைத்துத் தந்த பக்கத்து வீட்டு மாமிக்கும், அம்மாவின் பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நீங்கள் இல்லாமல் நாங்கள் அம்மா மறைந்து வரும் இந்த முப்பதாம் நாளைக் கண்டிருக்க மாட்டோம்.

இது தவக்காலம். இந்த ஆண்டு உங்கள் வீட்டில் ஈஸ்டர் உண்டா என்று உறவினர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தார்கள்:

“ஏன் இல்லாம? நான்தான் சமைக்கப் போறேன். எல்லாரையும் வரச் சொல்லு.”

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் அனைவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்.