நான் உடைத்ததும் அவர் திறந்ததும்

பலெர்மோவில் என் வேலை சிப்களை உடைப்பது. மின்சார பஸ்களில் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அளந்து விடும் சிப்கள் அவை. கொதிக்கக் கொதிக்கச் சூடேற்றுவேன், ஆறவைப்பேன், மறுபடி சூடேற்றுவேன். சாகும்வரை விடமாட்டேன். செத்ததைப் பெட்டியில் போட்டு ஜெர்மனிக்கு, திரெஸ்டன் நகரத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவேன். அங்கே ஒருவர் அதைத் திறந்து, எங்கே வெடித்தது, ஏன் வெடித்தது என்று பார்ப்பார். இதை சிப்பைப் பற்றிய கட்டுரை என்று நினைத்து வாசிக்க வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். சிப்பையும் அவரையும் பிரித்து எழுத எனக்கு வரவில்லை.

எங்களைச் சேர்த்து வைத்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப்பணம். பிரான்ஸில் ஒரு கம்பனி சிப்பைச் செய்யும். ஒல்லாந்தில் இன்னொரு கம்பனி அதைத் தட்டில் ஒட்டி மூடும். பலெர்மோ பல்கலைக்கழகத்தில் நாங்கள் வதைப்போம், திரெஸ்டன் திறந்து பார்க்கும். அம்மா வீட்டுவேலைக்குப் போகும் இடத்து சிஞ்ஞோரா, அந்த வீட்டுக்கார அம்மா, புரூசெல்ஸ் காசெல்லாம் வீண் என்று சொல்வாராம். அம்மா அதைக் கேட்டு வந்து எனக்கு அப்படியே ஒப்புவிப்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"அந்தக் காசு இல்லாட்டி நானும் அவவின்ரை பிள்ளையள் மாதிரி மிலானுக்குப் போயிருப்பன் எண்டு சொல்லுங்கோ, அம்மா."

"நான் ஏன் அவவோடை கொழுவுறன்? நீ இஞ்சை இருக்கிறாய், எனக்கு அது காணும்," என்பார் அம்மா.

செவ்வாய்க்கிழமைதோறும் நாலு நாட்டுக்காரரும் கணினித் திரையில் கூடுவோம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அந்த வாரம் எதில் தோற்றோம் என்பதை அவரவர் முதலில் சொல்ல வேண்டும், வெற்றியெல்லாம் பிறகு. தன் குறையை வெளியாள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல எந்தக் கம்பனிக்கு மனம் வரும்? பொதுப்பணம் வாங்கியபடியால் சொன்னார்கள், முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான். ஒருமுறை சிப்கள் வரிசையாக, நேரத்துக்கு முன்பே செத்தன. ஒல்லாந்துக்காரர் பிரான்ஸைக் குறை சொன்னார், பிரான்ஸ்காரர் என் சூட்டைக் குறை சொன்னார். திரெஸ்டன்காரர் படங்களைப் போட்டபோது, சிப்பைத் தட்டோடு பிடித்திருந்த ஒட்டுக்குள் வெடிப்பு ஓடியிருந்தது. ஒல்லாந்துக்காரர் தலையாட்டினார், ஒட்டை மாற்றினார். அவரவர் தனித்தனியே இருந்திருந்தால் பழி போட்டே வருடங்கள் போயிருக்கும்.

திரெஸ்டன்காரரின் பெயரை முதற்கூட்டத்தில் பார்த்ததுமே தமிழ் என்று தெரிந்துவிட்டது. எல்லோரும் திரையை விட்டுப் போனார்கள். நான் போகவில்லை, அவரும் போகவில்லை.

"நீங்கள் எவடம்?" என்று கேட்டேன்.

"அப்பா ஊர்காவற்துறை. நான் பிறந்தது இஞ்சை ஜேர்மனியிலை. நீங்கள்?"

"மன்னார். வளர்ந்தது பலெர்மோ."

அன்றிலிருந்து கூட்டத்துக்குப் பிறகு எங்களுக்கென்று ஒரு குட்டிக் கூட்டம் நடந்தது. வேலையில் தொடங்கி எங்கெங்கோ போய் முடியும்.

இதை அம்மா மோப்பம் பிடித்துவிட்டார். தமிழ்ப் பெடியனுக்குப் பெட்டி போகிறது, வெறும் பெட்டி அனுப்புவதா என்று பயற்றம் மாவில் இனிப்பு உருண்டை பிடித்துத் தந்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சிப்களுக்குப் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். வழியில் உருண்டைகள் நொறுங்கி, மா தட்டுகளுக்குள் எல்லாம் புகுந்துவிட்டது. அடுத்த செவ்வாய் தோல்விகளைச் சொல்லும் நேரம் அவர் நிதானமாகச் சொன்னார்: மாதிரிகளில் மா படிந்தது, துடைப்பதில் ஒரு நாள் போனது, பெட்டியைத் திறந்த விதத்தில் கவனக்குறைவு, அது தன்னுடையது. என்ன மா என்று பிரான்ஸ்காரர் கேட்டார். பயற்றம் மா என்று முகம் மாறாமல் பதில் வந்தது. நான் கமராவை அணைத்துவிட்டுச் சிரித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

நேரில் கண்டது ஒரே ஒரு முறை. கூட்டம் பலெர்மோவில் நடந்தபோது எல்லோரையும் வியா மக்வேதா தெரு வழியாக கபோ சந்தைக்குக் கூட்டிப்போனேன். கடலைமாப் பொரியலை வாங்கிக் கொடுத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த முறை உங்கடை பகேரியாவையும் பாக்கோணும்," என்றார். எங்கள் வீடு பலெர்மோவை அடுத்த பகேரியாவில். அந்த அடுத்த முறையை நினைத்துக்கொண்டே நான் எத்தனை நாள் ரயிலில் போய்வந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பிறகு சிப்கள் சாக மறுத்தன. எவ்வளவு வதைத்தாலும் உயிரோடு வெளியே வந்தன. அவற்றைப் பூட்டிய பஸ் ஓடத் தொடங்கியது. எங்களிடம் படித்தவர்களுக்கு, பலெர்மோ இருக்கும் இந்தத் தீவிலேயே வேலை கிடைத்தது, ஒருவர்கூட வடக்கே போகவில்லை. அடுத்த திட்டத்துக்கும் பணம் வந்தது. ஆனால் அதில் திரெஸ்டன் இல்லை. செத்த சிப் இல்லாத இடத்தில் திறந்து பார்ப்பவருக்கு என்ன வேலை? கடைசிக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டுக்குப் போகும் ரயிலில் அழுதேன். நான் விரும்பியதெல்லாம் நடந்திருந்தது, அவரைத் தவிர.

செவ்வாய்க்கிழமைகள் இப்போதும் வருகின்றன. ஸ்பெயின்காரர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார், நல்ல மனிதர். அவர் பேசும்போது நான் திரையில் இன்னொரு முகத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். வேலை விஷயம் இல்லாமல் அவருக்கு எப்படிப் போன் எடுப்பது என்றும் தெரியவில்லை. எங்கள் பேச்சுக்கு எப்போதும் ஒரு சிப் சாட்டாக, காரணமாக இருந்தது.

போன ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் நின்றபடியே போன் எடுத்துவிட்டேன்.

"என்ன, திரும்ப உடையுதோ?" என்றார்.

"இல்லை, ஒண்டும் உடையேல்லை. மனம் உங்களைத் தேடுது."

உள்ளே அடுத்த பூசைக்குப் பாட்டுத் தொடங்கிவிட்டது.

"எனக்கும் தேடுதுதான்," என்றார் கடைசியில். "ஆனா வாறதுக்கு இப்ப கூட்டம் ஒண்டும் இல்லையே."

"ஓம், இல்லை," என்றேன். "சும்மா வாங்கோ."