கோட்டுக் கையின் பழைய மடிப்பு

செய்தி வந்தபோது திங்கட்கிழமை காலை பதினொன்று இருபது. லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி, ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே, லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா கடையில் தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாளாம்.

அக்கா தைப்பவள் என்பதைவிடப் பிரிப்பவள் என்பதே சரி. பேன்ட் நீளம் குறைக்க, இடுப்பைத் தளர்த்த, சட்டைக் கையை இறக்க என்று இருபத்தாறு வருஷம். அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை, தம்பிக்கும் ஆகவில்லை. இருவருக்கும் ஒரே டிவி. அதில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு துப்பறியும் தொடர். பிடித்த காட்சி எது என்று அவளைக் கேட்டால் கொலையும் வராது, துரத்தலும் வராது. இன்ஸ்பெக்டரின் பேனா கோட்டுப் பையின் ஓட்டை வழியாக உள்துணிக்குள் நழுவிவிட, அவர் ஓரத்தைத் தடவித் தடவித் தேடுவார், அதைச் சொல்வாள்.

"அந்த மனுஷனுக்கு வீட்டுல யாருமில்லைங்கிறத வேற எப்படிடா காட்ட முடியும்?"

எல்லாவற்றுக்கும் மேலே பத்தொன்பதாம் எபிசோட். செத்தவளின் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலோரம் நின்று அழுகிறாள். அக்கா எழுந்துபோய் டிவியில் விரலை வைத்தாள்.

"கோட்டுக் கையைப் பாரு. பிரிச்சு இறக்கியிருக்கு, பழைய மடிப்பு தெரியுது. செத்தவ குட்டை, இவ நெட்டை. அவ கோட்டையே போட்டுக்கிட்டு அவளுக்காக அழுவுறா பாரு, கல்லுளிமங்கி. இவதான்டா கொலை பண்ணினவ."

"வாடகைக் கோட்டா இருக்கும்க்கா. நடிகைக்குத் தகுந்த மாதிரி இறக்கியிருப்பாங்க."

"உனக்கு லிஃப்டைத் தவிர என்னடா தெரியும்?"

ஊரே வாட்ச்மேன்தான் கொலைகாரன் என்றது. அக்கா அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். அவளுக்கு வாய் போயிருந்தது. வலது கையும் போயிருந்தது. இடது ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம். அதிகம் பேசத் தெரியாத தம்பி அவளுடைய காட்சிகளையே அவளுக்குச் சொன்னான். தப்பாகச் சொன்னால் விரல் கட்டில் கம்பியைத் தட்டும். பேனா எந்தப் பையில் என்பதற்கே நாலு தட்டு வாங்கினான்.

"அண்ணே, கொலைகாரனைச் சீக்கிரம் பிடிங்க," என்றாள் நர்ஸ். "பக்கத்துக் கட்டில் அம்மா கதை கேக்குற ஜோர்ல மாத்திரை போட மாட்டேங்கிறாங்க."

வெள்ளிக்கிழமை கடைசி எபிசோட். வார்டில் போன் கூடாது; வராந்தாவில் நின்று பார்த்தான். வாட்ச்மேனேதான். கோட்டைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. உள்ளே வந்தபோது அக்காவின் கண் வாசலிலேயே இருந்தது.

"நீ சொன்னதுதான்க்கா. அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான். கோட்டுக் கையை வெச்சே பிடிச்சுட்டார்."

விரல் தட்டியது.

வேறு மாதிரி சொன்னான். இன்ஸ்பெக்டர் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அவள் ஒத்துக்கொண்டாள் என்றான். மறுபடி தட்டு. பொய் தெரிந்துவிட்டதா, ஏதாவது நுணுக்கத்தை விட்டுவிட்டானா, வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா? ஒவ்வொன்றாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் அதே தட்டு. இத்தனை வருஷம் அவள் பேசியதில் பாதியை அவன் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. இப்போது எதைக் கேட்கிறாள் என்று ஊகிக்கக்கூட அவனிடம் சரக்கில்லை.

பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து நின்றாள்.

"இன்னொரு தடவை ஒழுங்கா பார்த்துட்டு வர்றேன்க்கா. காலையில நடந்தது நடந்தபடியே சொல்றேன்."

விரல் சும்மா இருந்தது.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் கடைசி எபிசோடைப் போனில் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினான். பதினாலாவது நிமிஷத்தில் நர்ஸ் போனில் கூப்பிட்டாள். அக்கா போய்விட்டாளாம். மீதி முப்பத்தொரு நிமிஷத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை.